மண்ணெண்ணெய் கேனின் வெளிப்புறம்

(ஜவளகிரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கேழ்வரகு முற்றும் காலம். காட்டோரம் வீடு திரும்ப வேண்டியவர்களுக்கு யானை பயம் இருக்கிறது. அதனால் இருட்டுவதற்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முடித்துவிடுகிறேன்.

பேச்சுக்கு முன் ஒரு சின்ன வேலை. இதோ, இன்று காலை பால் வாங்கிய கவர். வெட்டிப் பிரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, உள்பக்கம் மேலே தெரியும்படி இந்தக் கறுப்பு அட்டையில் நாலு மூலையிலும் செலோடேப் ஒட்டியிருக்கிறேன். இதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறேன். நாலு விரல் தள்ளி ஒரு சொட்டு மண்ணெண்ணெய். ரேஷனில் கொடுத்த நீல நிற கிருஷ்ணாயில்தான். இரண்டும் அப்படியே இருக்கட்டும். கடைசியில் வந்து பார்க்கலாம். அதுவரை யாரும் ஊதிவிடாதீர்கள், தம்பிகளா.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் கிருஷ்ணாயில் வாங்க ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருந்தது. அம்மா அதைப் பழைய துணியால் துடைத்து, அடுப்பங்கரை மூலையில் ஒரு சாக்கின் மேல் வைப்பார். மறுநாள் எடுத்தால் கை வழுக்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், ஓட்டையும் கிடையாது. கேன் ஒழுகுகிறது என்று நினைத்து அம்மா புதிது வாங்கினார். ஒரு வாரத்தில் அதுவும் வெளியே பிசுபிசுத்தது. தண்ணீர் ஊற்றி வைத்த அதே மாதிரி கேன் மாதக்கணக்கில் வெளியே காய்ந்தே கிடந்தது. "கிருஷ்ணாயிலுக்குக் கால் முளைச்சிருக்கு" என்பார் அம்மா. அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிய எனக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையில் முப்பது வருட வேலை தேவைப்பட்டது. அந்தக் கால் எப்படி முளைக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஒரு திரவத்தின் உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் சொந்தக்காரர்கள் பிடித்திருக்கிறார்கள். மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே பிடிக்க ஆள் இல்லை. அதனால் அது உள்ளே இழுபடுகிறது. பரப்பு முடிந்த அளவு சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புக்குப் பள்ளிப் பாடத்தில் பரப்பு இழுவிசை என்று பெயர். 20 டிகிரியில் தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். ஓசூர் தொழிற்சாலைகளில் இதையே 'டைன்' என்கிறோம்; அதே எண்தான், எனவே நானும் டைன் என்றே சொல்கிறேன். மண்ணெண்ணெய்க்கு 25-லிருந்து 30-க்குள். திடப்பொருளுக்கும் இப்படி ஒரு எண் உண்டு. சுத்தமான கண்ணாடி, உலோகம் என்றால் சில நூறு. பால் கவரும் எங்கள் வீட்டுக் கேனும் செய்யப்பட்ட பாலித்தீனுக்கு வெறும் 31. டெஃப்லானுக்கு 18. இவை போன்றவற்றைத்தான் குறைந்த பரப்பு ஆற்றல் கொண்ட பாலிமர்கள் என்கிறோம். வருகிறவரைப் பிடித்து நிறுத்தும் பலம் இவற்றின் மேற்பரப்புக்கு மிகக் குறைவு.

திரவத்தின் எண் திடப்பொருளின் எண்ணைவிடக் கீழே இருந்தால் திரவம் பரவும். ரொம்ப மேலே இருந்தால் முத்தாக நிற்கும். தண்ணீர் 73, பாலித்தீன் 31. அதனால் பால் கவரில் தண்ணீர் குண்டாக உட்கார்ந்திருக்கிறது. மண்ணெண்ணெய் 31-க்கும் கீழே. அதனால் பரவுகிறது. கேனின் மரை வழியாக மெல்ல ஏறி, மூடியின் அடியில் புகுந்து, வெளியே இறங்கி, சுவரெல்லாம் படர்கிறது. அம்மா சொன்ன கால் இதுதான். ஆனால் ஒரு கால் மட்டும்தான். இன்னொரு கால் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சொட்டுக்கும் தரைக்கும் நடுவே உண்டாகும் கோணத்தைச் சேர்கோணம் என்கிறோம். இதை முதலில் ஒழுங்காகச் சிந்தித்தவர் தாமஸ் யங், 1805-ல். இன்று எல்லாப் புத்தகத்திலும் 'யங் சமன்பாடு' என்று ஒரு வரி இருக்கும். அவருடைய கட்டுரையில் அந்தச் சமன்பாடே கிடையாது. முழுவதையும் வார்த்தையிலேயே சொல்லியிருக்கிறார். திடப்பொருளின் இழுப்பு ஒரு பக்கம், திரவத்தின் இழுப்பு ஒரு பக்கம், இரண்டும் சந்திக்கும் எல்லையின் இழுப்பு இன்னொரு பக்கம். மூன்றும் சமாதானமாகும் இடத்தில் சொட்டின் ஓரம் நிற்கிறது. கணக்கு வரவில்லையே என்று கவலைப்படும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். முதலில் வார்த்தையில் விளங்கட்டும், எண் தானாக வரும்.

நம் பக்கத்தில் இந்தப் பரப்பு இழுவிசையோடு மல்லுக்கட்டியவர் யார் தெரியுமா? சி. வி. ராமன். 1907-ல், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோது, சொட்டின் வளைவை வைத்துப் பரப்பு இழுவிசையை அளக்கும் முறை பற்றி லண்டனின் பிலாசபிகல் மேகசினில் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு 18 வயது. நோபல் பரிசு வாங்கித் தந்த ஒளிச் சிதறலை எல்லோரும் சொல்கிறோம். திருவானைக்காவலில் பிறந்த பையன் ஒரு சொட்டை உட்கார்ந்து பார்த்ததை யாரும் சொல்வதில்லை. பிற்காலத்தில் அவர் வாழ்ந்ததும் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பெங்களூரில்தான்.

இனி டெஃப்லான். 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்பவர் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை. எடை மட்டும் குறையாமல் இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான். இன்று உங்கள் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிறது. அதில் நல்லெண்ணெய் விட்டால் பரவாமல் அங்கங்கே முத்து முத்தாகக் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் கல்லில் அப்படி நடக்காது. எண்ணெயின் எண் முப்பதுக்கு மேல், டெஃப்லானுக்கு 18. தண்ணீரையும் ஒட்டவிடாது, எண்ணெயையும் ஒட்டவிடாது. அப்படிப்பட்ட பொருள் உலகில் மிகக் குறைவு.

வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஜிஸ்மன் என்று ஒருவர் இருந்தார். ஃபாக்ஸ் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1950-ல் அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்த வேலை. எளிமையான வேலை, ஆனால் அசுரப் பொறுமை வேண்டும். டெஃப்லானை வழவழப்பாக்கி, அதன் மேல் ஹைட்ரோகார்பன் திரவங்களை ஒவ்வொன்றாகச் சொட்டு விட்டார்கள். பதினாறு கார்பன் உள்ள ஹெக்ஸாடெக்கேன், பரப்பு இழுவிசை 27.5: சேர்கோணம் 46 டிகிரி. பத்து கார்பன் டெக்கேன்: 35 டிகிரி. எட்டு கார்பன் ஆக்டேன்: 26. ஆறு கார்பன் ஹெக்ஸேன்: 12. சங்கிலி குட்டையாகக் குட்டையாகச் சொட்டு தட்டையாகிறது. ஐந்து கார்பன் பென்டேன் முழுக்கப் பரவிவிடுகிறது. இந்தப் புள்ளிகளைத் தாளில் குறித்து ஒரு கோடு இழுத்தால், கோணம் பூஜ்யமாகும் இடம் 18 பக்கத்தில் விழுகிறது. டெஃப்லானின் 18 இப்படி வந்த எண்தான்.

பிறகு அவர்கள் வேறு வேறு பரப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். கார்பனோடு இரண்டு ஹைட்ரஜன் வெளியே தெரிந்தால் 31. மூன்று ஹைட்ரஜன் தெரிந்தால் 22. இரண்டு ஃபுளோரின் தெரிந்தால் 18. மூன்று ஃபுளோரின் நெருக்கமாக அடுக்கி நின்றால் வெறும் 6. உள்ளே என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை. மேலே கடைசியாகத் தலைகாட்டும் அணுக்கூட்டம் எதுவோ, அதுதான் ஈரமாவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. ஒரு மூலக்கூறு தடிமனுக்கு எதையாவது பூசினாலும் பரப்பின் குணம் தலைகீழாகிவிடும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான்.

இப்போது கண்ணுக்குத் தெரியாத காலுக்கு வருகிறேன். சொட்டு விழுமுன்பே அதன் ஆவி அங்கே போய்விடுகிறது. பெட்ரோல் பங்கில் வாசனை மூக்குக்கு வருகிறதென்றால், அதே மூலக்கூறுகள் பக்கத்தில் உள்ள சுவர், கேன், வண்டியின் மட்கார்டு எல்லாவற்றின் மேலும் போய் மோதுகின்றன. சில ஒட்டிக்கொள்கின்றன, சில திரும்பிப் போகின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். ஒட்டியவை பரப்பின் எண்ணைக் குறைக்கின்றன. ஆகவே சொட்டு வந்து உட்காரும் தரை, நாம் சுத்தம் செய்து வைத்த தரை இல்லை. சொட்டே முன்கூட்டி ஆள் அனுப்பி மாற்றி வைத்த தரை. பாங்ஹாம், ராஸூக் என்ற இருவர் 1937-ல் இதைத் தெளிவாகச் சுட்டிக்காட்டினார்கள்: யங் சொன்ன சமாதானத்தில் வெறும் திடப்பொருளை வைக்காதீர்கள், ஆவி படிந்த திடப்பொருளை வையுங்கள்.

கண்ணாடியில் ஆவி படிவதும் டெஃப்லானில் படிவதும் ஒரே மாதிரி இல்லை. ஓசூரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் முதலில் ஆளுக்கொரு சீட்டாகப் பிடிப்பார்கள். சீட்டு நிரம்பிய பிறகுதான் நிற்பார்கள். கண்ணாடி மேல் ஆவி இப்படித்தான். கொஞ்சம் ஆவி இருந்தாலே முதல் வரிசை நிரம்பிவிடும், அதன் மேல் அடுத்த வரிசை. டெஃப்லான் என்பது சீட்டே இல்லாத பஸ். ஏறுகிறவர்கள் எங்கோ ஒரு கீறல், ஒரு மூலை பார்த்து ஒண்டுவார்கள். அடுத்து ஏறுகிறவர் சீட்டைத் தேடமாட்டார், ஏற்கனவே நிற்கும் நண்பர் பக்கத்தில் போய் நிற்பார். ஹெக்ஸேனுக்கு டெஃப்லானைவிட இன்னொரு ஹெக்ஸேன் மேல்தான் பிரியம். அதனால் தொடக்கத்தில் மிகக் கொஞ்சமே படியும். ஆவி செறிவு உச்சத்தை நெருங்கும்போது திடீரென்று கூட்டம் சேரும். வரைபடத்தில் அந்தக் கோடு முதலில் தரையோடு ஊர்ந்து, கடைசியில் செங்குத்தாக எழும்பும்.

செறிவு முழுமையடைந்தால் என்ன ஆகும்? இங்கேதான் ஆவியும் சொட்டும் ஒரே கதையின் இரண்டு பக்கம் என்று தெரியும். சேர்கோணம் பூஜ்யமாக இருக்கும் ஜோடி என்றால், ஆவிப் படலம் தடித்துக்கொண்டே போய்த் திரவமாகவே ஆகிவிடும். மண்ணெண்ணெயும் பாலித்தீனும் அப்படிப்பட்ட ஜோடி. சேர்கோணம் பூஜ்யத்துக்கு மேலே என்றால், படலம் ஓரளவோடு நின்றுவிடும். மீதி எல்லாம் சொட்டாகத்தான் தனியே நிற்கும். ஹெக்ஸாடெக்கேனும் டெஃப்லானும் அந்த வகை. படலம் எங்கே நிற்கிறது என்பதும், சொட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள்.

சொட்டு முத்தாக நிற்கும் இடங்களில் ஆவிப் படலத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம் என்று ஜிஸ்மன் தரப்பு எடுத்துக்கொண்டது. ஆர்தர் ஆடம்சன் போன்ற வேதியியலாளர்கள் விடவில்லை. மெருகேற்றிய டெஃப்லான் மேல் எவ்வளவு ஆவி படிகிறது என்று நேராகவே அளக்கப் போனார்கள். சிறிய அளவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை என்றார்கள். பத்தாண்டுக் கணக்கில் நடந்த வாதம் இது. என் மனம் ஆடம்சன் பக்கம்தான். ஏன் என்பதை ஒரு பம்பர் எனக்குக் காட்டியது.

ஓசூரில் நான் வேலை பார்த்த ஒரு பெயின்ட் ஷாப். பெயர் வேண்டாம். கார்களின் பாலிப்ரோப்பிலீன் பம்பருக்குப் பெயின்ட் அடிப்போம். பாலிப்ரோப்பிலீனும் பாலித்தீன் மாதிரிதான், முப்பது சொச்சம் டைன். அப்படியே பெயின்ட் அடித்தால் உரிந்து வரும். அதனால் முதலில் தீ நாக்கால் ஒரு தடவு தடவுவோம். ஃப்ளேமிங் என்போம். தீ பட்டதும் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் ஏறும், எண் நாற்பதுக்கு மேல் போகும். டைன் பேனா என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட டைன் உள்ள மை நிரப்பிய மார்க்கர் பேனா. அதால் கோடு போட்டால், பரப்பு நன்றாக இருந்தால் கோடு இரண்டு நொடி அப்படியே நிற்கும். மோசமாக இருந்தால் பாசிமணி மாதிரி அறுந்து உருளும். பால் கவரிலும் பாக்குப் பாக்கெட்டிலும் அச்சடிக்கும் ஃபிலிம் தொழிற்சாலைகளிலும் இதே பேனாதான். அங்கே தீக்குப் பதில் கொரோனா என்ற மின்பொறி. டென்மார்க்கைச் சேர்ந்த வெர்னர் ஐஸ்பி 1951-ல் கண்டுபிடித்தது. நம் பால் கவரின் வெளிப்பக்கம் அந்த மின்பொறி பட்ட பக்கம், அதனால்தான் மை நிற்கிறது. உள்பக்கம் படாத பக்கம்.

அந்த வருடம் திங்கட்கிழமை முதல் ஷிஃப்டில் மட்டும் பம்பர்கள் கெட்டன. பெயின்ட் படலத்தில் மீன் கண் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். செவ்வாய் முதல் சனி வரை ஒன்றும் இல்லை. பெயின்ட்டை மாற்றினோம், பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கழற்றினோம், தலைக்கு எண்ணெய் தேய்த்து வராதீர்கள் என்று பையன்களைக் கடிந்துகொண்டோம். அது அநியாயம், இன்றும் மனது உறுத்துகிறது. ஒரு சனிக்கிழமை மாலை, தீ காட்டி அடுக்கி வைத்த பம்பர்களில் நானே டைன் பேனாவால் கோடு போட்டேன். கோடு நின்றது. திங்கள் காலை அதே பம்பரில் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன். என் கண் முன்னால் மை சுருங்கி மணிமணியாக உருண்டது. ஞாயிறு முழுக்க யாரும் தொடவில்லை. கம்ப்ரஸர் அறையின் கதவு மட்டும் திறந்தே இருந்திருக்கிறது. அங்கே கம்ப்ரஸர் எண்ணெய் சூடேறி, ஆவியாகவும் புகையாகவும் அடுக்கின் மேல் வந்திருக்கிறது. தீ காட்டி நாம் உயர்த்திய பரப்புக்குப் பசி அதிகம், வந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டது. தீ காட்டிய பரப்பு தானாகவும் நாளாக ஆகக் கொஞ்சம் இறங்கும், சங்கிலிகள் உள்பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆனால் ஒன்றரை நாளில் இவ்வளவு இறங்காது. கதவை மூடி, அடுக்கை வேறு கூடத்துக்கு மாற்றினோம். குழிகள் நின்றன.

காரணம் தெரிந்த அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரை ஒரே ஒரு வரிசை ஹெக்ஸேன் மூலக்கூறுகளால் மூட எவ்வளவு எடை வேண்டும்? கால் மில்லிகிராம் சொச்சம். ஒரு சிட்டிகை உப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல. ஹெக்ஸேன் மாதிரி லேசானது வந்தாலும் போய்விடும். தின்னர் வாடை அடித்த பம்பர் காற்றாடியதும் பழையபடி ஆகிவிடும். கனமான எண்ணெய் மூலக்கூறு அப்படி இல்லை. வந்தது வந்ததுதான். ஆவியழுத்தம் குறைவான பொருளைத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அன்று உறைத்தது. வாடையே அடிக்காதது அது.

விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு. முட்டைக்கோசுக்கு மருந்து அடிக்கிறீர்கள், சொட்டு உருண்டு ஓடிவிடுகிறது. கோசு இலையின் மெழுகில் ஒரு முக்கியப் பங்கு நோனகோசேன், 29 கார்பன் உள்ள ஹைட்ரோகார்பன். வேதியியல் கண்ணில் அது குட்டைப் பாலித்தீன். செடி தன் இலைக்குத் தானே பால் கவர் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேப்பெண்ணெய்க் கரைசலில் காதி சோப் கலப்பதும், கடையில் ஸ்டிக்கர் என்ற ஒட்டும் திரவம் வாங்கி ஊற்றுவதும் தண்ணீரின் 73-ஐ முப்பது பக்கம் இறக்கிவிடும். ரோஜா போட்டிருக்கும் பாலிஹவுஸில் விடியற்காலை கூரையிலிருந்து சொட்டு விழுந்து பூ கறுத்துப்போவதும் இதே கணக்கு. கண்ணாடிக் கூரையாக இருந்தால் பனி படலமாகி ஓரமாக வழியும். பாலித்தீனில் முத்தாகி நேரே மொட்டு மேல் விழும். பின்னாலேயே சாம்பல் பூசணம் வரும். சொட்டாத ஃபிலிம் என்று விற்கிறார்களே, அதில் கலந்த மருந்து மேலே வந்து தண்ணீரைப் பரவச் செய்கிறது. வருடம் போகப் போக அது கழுவிப் போய்விடும். அதனால்தான் புதிதில் நன்றாக இருந்த கூரை பிறகு சொட்டுகிறது. ஃபிலிம்காரரைத் திட்டுமுன் எத்தனை வருடம் ஆன ஃபிலிம் என்று எண்ணிப் பாருங்கள்.

இளைஞர்கள் வண்டியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். வண்டிப் புகைக் கட்டுப்பாட்டுக்கான பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்தபோது டேங்கிலிருந்து போகும் பெட்ரோல் ஆவியையும் பிடிக்க வேண்டியதாயிற்று. உங்கள் பைக்கில் இருக்கும் கேனிஸ்டர் டப்பா அதுதான். உள்ளே கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்), ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவில் பரப்பு. டெஃப்லானுக்கு நேர் எதிர். ஆவி கண்டதும் விழுங்கும். காங்கேயம் பக்கம் நம் தேங்காய்த் தொட்டியில் உலகத்தரக் கரி செய்கிறார்கள், ஆனால் வண்டிக் கேனிஸ்டருக்கு மரக்கரியைத்தான் பெரும்பாலும் விரும்புகிறார்கள். தொட்டிக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை, பிடித்ததை விடாது. கேனிஸ்டருக்கோ பிடிக்கவும் வேண்டும், எஞ்சின் ஓடும்போது விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

சரி, வெளிச்சம் குறைகிறது. கேனுக்குத் திரும்புவோம். பாலித்தீனுக்கு டெஃப்லானிடம் இல்லாத இன்னொரு குணம் இருக்கிறது. ஹைட்ரோகார்பனும் அதுவும் ஒரே குடும்பம். மேலே ஒட்டிய ஆவி மேலேயே நிற்காது, சங்கிலிகளின் நடுவே புகுந்து உள்ளே போகும், சுவரைக் கடந்து மறுபக்கம் வரும். உட்கவர்தல் என்று அதற்குப் பெயர். அம்மா எத்தனை தடவை கழுவினாலும் அந்தக் கேனில் வாடை போகாததற்கு இதுதான் காரணம். எண்ணெய் மேலே இல்லை, சுவருக்குள் இருந்தது. துடைத்த துணிக்கு அது எப்படி எட்டும்?

இப்போது முன்வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாருங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறேன். தண்ணீர்ச் சொட்டைப் பாருங்கள்: கொஞ்சம் சிறுத்திருக்கிறது, ஆனால் அதே இடம், அதே குண்டு. கிருஷ்ணாயில் சொட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, இல்லையா? உள்ளங்கை அகலத்துக்கு மினுமினுப்பு மட்டும் இருக்கிறது. அதன் ஓரத்தில் நீலம் கொஞ்சம் தெரிகிறது. அதற்கும் வெளியே நிறமில்லாமல் ஒரு பளபளப்பு போகிறது, பாருங்கள். இனி விரலை மெதுவாகக் கவரின் மேல் ஓட்டு, பாப்பா. நான் சொட்டு விட்ட இடத்தில் தட்டையாக இருந்த கவர் லேசாகப் புடைத்து, நெளிந்து நிற்கிறதே, தெரிகிறதா? பக்கத்தில் தண்ணீருக்கு அடியில் தொட்டுப் பார். அங்கே அப்படி இருக்காது.